ஹெப்சிபா லார்ட்டரின் மகள்

செத்தவர்களை நோண்டுகிறவள் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எங்கள் ஊரில் வானிலையைத் தவிர எதையும் யாரும் யார் முகத்துக்கு நேரேயும் சொல்வது வழக்கமில்லை. முப்பது வருஷம் நடமாடும் நூலக வண்டி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றேன். கை சும்மா இருக்குமா? முதலில் என் புருஷன் டெர்ரி வீட்டு வம்சத்தைத் தோண்டினேன். பிறகு அக்கம்பக்கத்தார் தேடி வர ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற கர்னல் ஒருத்தர், தன் முன்னோர்கள் ராஜாவோடு சரிக்குச் சரி குதிரையேறியவர்கள் என்ற நம்பிக்கையில் வந்தார். அவருடைய முப்பாட்டன் ஆடு திருடி ஜெயிலுக்குப் போனவன் என்று ஆதாரத்தோடு காட்டினேன். அன்றிலிருந்து என்னைத் தெருவில் கண்டால் அந்த மனுஷன் தன் நாயிடம் ஏதோ முக்கியமாகப் பேசுவதுபோலக் குனிந்துகொள்கிறார்.

அதனால் அந்த மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை லவீனியா கேச்போல் என் சமையலறைக் கதவைத் தட்டியபோது, இவருக்கும் ஒரு கர்னல் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். லவீனியாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஊர்க் கடையில் நாற்பது வருஷம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர். நான் சின்னப் பெண்ணாக மிட்டாய் வாங்கப் போவேன், ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டு, "யார்கிட்டயும் சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்பார்.

"பெரில், ஏ பொண்ணே, டீ போடுறியா?" என்றபடி உள்ளே வந்தார். எனக்கு அறுபத்தாறு ஆகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் தன்னைவிட இளையவள் எவளானாலும் பொண்ணுதான்.

உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. கோட்டைக் கழற்றாமல் ஒருத்தர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"எனக்கு ஒரு அத்தாட்சி கண்டுபிடிச்சுக் குடு" என்றார்.

"என்ன அத்தாட்சி, மிஸஸ் கேச்போல்?"

"நான் ஹெப்சிபா லார்ட்டரோட பொண்ணு இல்லைன்னு அத்தாட்சி."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் தட்டில் ஊற்றிவிட்டேன். ஹெப்சிபா லார்ட்டர் அவருடைய அம்மா. சலவை செய்து பிழைத்தவள். சேப்பல் சந்தில் கடைசி வீடு. நான் பள்ளிக்கூடம் போகும்போது செத்துப்போனாள். கறுப்புத் தொப்பியும் சிவந்த கைகளும்தான் எனக்கு ஞாபகம்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜாஸ்லின் பாதிரியம்மா சர்ச்சில் ஒரு அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது, மூடப் போகிறார்கள். குடும்பக் கல்லறையில் இடம் இருக்கிறவர்கள் மட்டும் ஈஸ்டருக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் அந்த இடம் அவர்களுக்கு. மற்றவர்களுக்கு டவுன் கல்லறைதான், பைபாஸ் ரோட்டோரம். ஹெப்சிபாவை, ஒருவர்மேல் ஒருவராக இரண்டு பேரை வைக்கும் ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்திருந்தார்கள். புருஷன் வால்டரை யுத்தத்தின்போது கடல் கொண்டுபோய்விட்டது, உடம்பு கிடைக்கவில்லை. அதனால் அவருக்கென்று விட்ட மேல் இடம் காலி. அண்ணன்கள் நாலு பேரும் எங்கெங்கோ போய்ச் செத்துவிட்டார்கள். ஆக, அந்த இடத்துக்கு உரிமை லவீனியா ஒருத்திக்குத்தான்.

"எல்லாரும் கை குலுக்குறாங்க பெரில். நீ அதிர்ஷ்டக்காரின்றாங்க. சர்ச் கதவுக்குப் பக்கத்துல, மரத்தடி நிழல்ல இடமாம்! அந்தப் பொம்பளை தலைமேல நான் ஏறிப் படுக்கணுமா? உயிரோட இருந்தப்பவே பக்கத்துல உக்கார விட்டதில்லை அவ."

"பிடிக்கலைன்னா கையெழுத்துப் போடாதீங்க. யாரு கழுத்துல கத்தி வெச்சா?"

"பெத்தவளா இருந்தா போட்டுத்தானே ஆகணும்? பெத்தவ பக்கத்துல படுக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது? பெத்தவ இல்லைன்னு ஒரு காயிதம் கெடைச்சா விட்டுது தொல்லை. நிம்மதியா பைபாஸ் ஓரமா போய் லாரிச் சத்தம் கேட்டுக்கிட்டுப் படுத்துக்குவேன்."

சிரிக்க வாயைத் திறந்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"எதனால அப்படி நினைக்கறீங்க?"

"எம் பேரை அவ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவைகூட. 'ஏ புள்ளே', இல்லாட்டி 'இந்தா'. அண்ணனுங்க நாலு பேருக்கும் பேரு இருந்துது. நாய்க்குப் பேரு இருந்துது பெரில்! எனக்கு இல்லை."

"அப்பா?"

"அவரு வாயே ஓயாது. கப்பல்லருந்து எறங்கினாருன்னா தெருமுனையிலயே ஆரம்பிச்சிடுவாரு, லவீனியா, என் லவீனியா எங்கேன்னு. அவ ஒடனே பின்பக்கம் போயிடுவா, துணி காயப்போட. மழை பெய்யுறப்பகூடத் துணி காயப்போடப் போவா." கோப்பையை வைத்தார். "கல்யாணத்தன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா? பாதிரியார் புஸ்தகத்தைத் திறந்து லவீனியான்னு ஆரம்பிச்சாரு. இவ எழுந்து வெளியே போயிட்டா. ஊரே திரும்பிப் பாக்குது. நான் பூவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். பெத்த மனம் பித்துன்னு சொல்றவங்க யாரும் எங்க அம்மாவைப் பாத்ததில்லை."

அந்தக் கல்யாண மாப்பிள்ளை ரான் பன்னிரண்டாவது வருஷமே ஒரு மதுக்கடைக்காரியோடு ஓடிப்போனான், அது வேறு கதை. அவன் எங்கே புதைந்து கிடக்கிறான் என்பதில் லவீனியாவுக்கும் அக்கறையில்லை, எனக்கும் இல்லை. குழந்தையும் கிடையாது. இந்த மனுஷிக்கு இருந்த ஒரே சொந்தம் அந்தச் செத்துப்போன அம்மாதான். அவளையும் வேண்டாம் என்று காகிதம் கேட்கிறார். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை டவுனுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள், நாம் பக்கத்தைப் புரட்டுவதை, பிறந்த குழந்தையை நாம் தலைகீழாகத் தூக்கிவிட்டதுபோலப் பார்ப்பார். எங்கள் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். லார்ட்டர் வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தேன். ஹெர்பர்ட், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. அடுத்தது எட்டாம் வருஷம் அக்டோபர்: லவீனியா, வால்டருக்கும் ஹெப்சிபாவுக்கும் மகள்.

இதென்ன கூத்து என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். லவீனியா பிறந்தது இருபத்தேழில். இவள் எட்டில் பிறந்திருக்கிறாள். அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பதினொன்றாம் வருஷம் பிப்ரவரி: லவீனியா லார்ட்டர், வயது இரண்டு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை. வம்சம் தேடுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: கடைசிப் பக்கம்வரை புரட்டாமல் வாயைத் திறக்காதே. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ புதையல் எடுத்தவள்போல வாகனம் நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய், அங்கேயே நின்றபடி லவீனியாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

பதிவேட்டில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினேன்.

"அப்ப அவங்க லவீனியா செத்துப் போயிட்டா" என்றார்.

"ஆமா. ஆனா நான் இன்னும் பாக்க வேண்டியது..."

"அப்ப நான் வேற எங்கிருந்தோ வந்தவ."

"மிஸஸ் கேச்போல், அவசரப்படாதீங்க."

"எண்பத்திரண்டு வயசுல அவசரப்படாம எப்பம்மா படுறது? அநாதை விடுதியிலருந்து எடுத்தாந்திருக்காரு அப்பா. செத்த புள்ள பேரை எனக்கு மாட்டிவிட்டாரு. அவளுக்குப் பிடிக்கலை. நியாயம்தானே? எவளோ பெத்த புள்ளையை எதுக்கு அவ கொஞ்சணும்?" அவர் குரல் அப்படி லேசாக நான் கேட்டதே இல்லை. "பெத்தவளுக்கு நம்மளைப் பிடிக்காம போறது வேற பெரில். யாரோ ஒரு பொம்பளைக்குப் பிடிக்காம போறது வேற. ரெண்டாவதைத் தாங்கிக்கலாம்."

சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் காப்பிக் கூட்டம். லவீனியா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார். கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார், தான் லார்ட்டர் வீட்டுப் பெண்ணே இல்லை என்று. பெரில் கண்டுபிடித்துவிட்டாளாம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கர்னல்கூட நாயை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஜாஸ்லின் பாதிரியம்மாவிடம் போய், அந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார் லவீனியா. பாதிரியம்மா நல்ல மனுஷி, "வெள்ளிக்கிழமைவரைக்கும் யோசிங்க, அன்னிக்குக் காலையில எழுதிக்கிட்டு வாங்க, போதும்" என்றார். நான் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை மறுபடி காப்பகத்துக்குப் போய், அன்றைக்கே பார்த்திருக்க வேண்டிய பக்கங்களைப் புரட்டினேன். சிட்னி. பிறகு இன்னும் இரண்டு பையன்கள். அப்புறம் நீண்ட இடைவெளி. இருபத்தேழாம் வருஷம் டிசம்பர்: லவீனியா, வால்டருக்கும் ஹெப்சிபாவுக்கும் மகள். அதே சர்ச், அதே ஞானஸ்நானத் தொட்டி, அதே பேர். பிறப்புச் சான்றிதழுக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தேன், புதன்கிழமை தபாலில் வந்தது. சேப்பல் சந்து வீட்டில் பிறந்தாள், தாய் ஹெப்சிபா லார்ட்டர். பதிந்தது தகப்பன்.

செத்த குழந்தையின் பேரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெகு சாதாரணம். மாதர் சங்கத்தில் இதைப் பற்றி நானே ஒரு மணி நேரம் பேசி, கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் வழக்கமாக அடுத்த வருஷமே வைத்துவிடுவார்கள். இங்கே பதினாறு வருஷம். நடுவில் பிறந்ததெல்லாம் பையன்கள். வால்டர் பதினாறு வருஷம் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்து அந்தப் பேரை மறுபடி எடுத்திருக்கிறார். இது ஏன் என் மரமண்டைக்கு உடனே ஏறவில்லை?

சான்றிதழை எடுத்துக்கொண்டு அன்று மதியமே போனேன். லவீனியா வாசலில் நின்றபடியே படித்தார். முகத்தில் போன வாரம் ஏறியிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப்போல வேதனை எனக்கு வேறு இல்லை.

"யாரு போய்ப் பதிஞ்சது?"

"உங்க அப்பா."

"அதானே! அவரு என்ன வேணா சொல்லியிருப்பாரு. நாப்பத்தோரு வயசுல, கடைசிப் பையன் பொறந்து எட்டு வருஷம் கழிச்சு இவ புள்ளை பெத்தாளாக்கும்?"

"மிஸஸ் கேச்போல், இது அரசாங்கக் காயிதம்."

"அப்ப என் வாழ்க்கை? அது என்ன காயிதம்?" என்று கேட்டார். "போன வாரம் ஒண்ணு சொன்னே. இந்த வாரம் ஒண்ணு சொல்றே. அவ என்னைப் பெத்தும் பிடிக்காம இருந்தாள்னு சொல்லத்தான் வந்தியா? போ பெரில். தயவு செஞ்சு போ."

கதவு மூடிக்கொண்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து டெர்ரியிடம் அழுதேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "செத்தவங்களை விடு பெரில், உயிரோட இருக்கறவங்களைப் பாரு" என்றார். நல்ல புத்திமதிதான், ஆனால் நான் எப்போது அவர் புத்திமதியைக் கேட்டேன்? மறுநாள் காலையில் கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். பிப்ரவரியில் ஒரு குழந்தை செத்திருக்கிறது. அதே வருஷம் ஏப்ரல் மாதம் இரண்டாம் தேதி நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நடுவில் ஏழு வாரம். அந்த ஏழாவது வாரத்தில் அந்த வீடு எப்படி இருந்தது என்று எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பழைய கணக்கெடுப்புகளில் அதிகாரி படியெடுத்த பட்டியல்தான் நமக்குக் கிடைக்கும். பதினொன்றாம் வருஷத்திலிருந்துதான் வீட்டுக்காரர்கள் தங்கள் கைப்படப் பூர்த்தி செய்த படிவத்தையே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். லார்ட்டர் வீட்டுப் படிவம் திரையில் வந்ததும் நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லவீனியா வீட்டு மணியை அடித்தேன். தொப்பி, கோட்டு, கையில் கைப்பை. பாதிரியம்மா வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறார். பையில் அந்தக் கடிதம் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"இன்னொரு சர்டிபிகேட்டா?"

"இல்லை. இது யாரு கையெழுத்துன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் என்னை வெளியே தள்ளிடுங்க."

என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு உள்ளே போனார். சமையலறை மேஜைமேல் காகிதத்தை விரித்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அம்மா எழுத்து" என்றார் உடனே. "ஜாம் பாட்டில்ல இப்படித்தான் எழுதி ஒட்டுவா. அப்பா எழுதலியா?"

"அவர் பேரே இதுல இல்லை. அன்னிக்கு வீட்டுல இல்லை."

"ஏப்ரல் மாசம்னா இருக்க மாட்டாரு. ஜனவரி முடியறப்பவே மேற்கே கார்ன்வால் பக்கம் போயிடுவாங்க, கானாங்கெளுத்தி பிடிக்க. திரும்பி வர ஜூன் ஆகும்." விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். "ஹெப்சிபா லார்ட்டர், மனைவி, இருபத்தஞ்சு. ஹெர்பர்ட், மகன், நாலு. சிட்னி, மகன், எட்டு மாசம்."

"ஒண்ணைத் தாண்டிட்டீங்க."

"அது அடிச்சிருக்கே."

"அடிச்சதுக்கு அடியில படிங்க."

ஹெர்பர்ட்டுக்கும் சிட்னிக்கும் நடுவில் ஒரு வரி. அதன்மேல் ரூல்தடி வைத்து இழுத்ததுபோல சிவப்பு மையில் ஒரு கோடு. அடியில் இருக்கிற எழுத்து நன்றாகவே தெரியும்.

"லவீனியா" என்று படித்தார் லவீனியா. "மகள். ரெண்டு வயசு."

அடுப்பின்மேல் கெட்டில் சீறிக்கொண்டிருந்தது. நான் போய் அணைத்தேன்.

"செத்துப் போயிட்டான்னு சொன்னியே."

"ஏழு வாரம் ஆச்சு அப்ப."

"அப்புறம் எதுக்கு எழுதியிருக்கா? தெரியாம எழுதிட்டாளா?"

"அன்னிக்கு ராத்திரி வீட்டுல உயிரோட இருக்கறவங்களை மட்டும்தான் எழுதணும்னு மேலயே அச்சடிச்சுப் போட்டிருக்கு. உங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். கணக்கெடுக்க வந்தவர் உள்ளூர்க்காரரா இருக்கணும், புள்ளை செத்தது தெரிஞ்சு சிவப்பு மையால அடிச்சிருக்காரு." நான் வலது பக்கக் கட்டங்களைக் காட்டினேன். கல்யாணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றோம், எத்தனை இருக்கிறது, எத்தனை செத்தது என்று எழுத வேண்டிய கட்டங்கள் அவை. "இதையும் பாருங்க."

"பொறந்தது மூணு" என்று படித்தார். "இருக்கறது மூணு. செத்தது..." நிறுத்தினார். "சைபர் போட்டிருக்கா."

அந்த எண்களின்மேலும் சிவப்பு மை ஏறியிருந்தது. இருக்கிறது என்ற மூன்று இரண்டாகவும், செத்தது என்ற சைபர் ஒன்றாகவும் திருத்தப்பட்டிருந்தன.

லவீனியா கண்ணாடியைக் கழற்றினார். அழப்போகிறார் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன். அவர் மேஜையில் ஓங்கி ஒரு அறை விட்டார். சர்க்கரைக் கிண்ணம் துள்ளி விழுந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு! ஹெர்பர்ட்டுக்குத் தெரியும், அவன் கூட வெளையாடியிருப்பான். எதிர் வீடு, பக்கத்து வீடு, இந்த எழவெடுத்த ஊரு மொத்தத்துக்கும் தெரியும். ஒரு நாய்கூட எங்கிட்ட சொல்லலியே! என் மூஞ்சிக்கு நேரா என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்களே, அத்தனை பேரும், உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாடின்னு ஒருத்தர் சொல்லலியே!"

அந்தக் காலத்தில் செத்த குழந்தையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

பிறகுதான் அழுதார். சத்தமில்லாமல், கோட்டோடும் தொப்பியோடும் உட்கார்ந்தபடி. சிந்திய சர்க்கரையை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அப்பா ஜூன்ல வந்திருப்பாரு" என்றார் வெகு நேரம் கழித்து. "வந்தப்ப எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அவரு பாக்கவே இல்லை. அதான் என்னை வெச்சுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆத்திக்கிட்டாரு."

"ஆமா."

"இவ கூட இருந்து பாத்தவ. கையில வெச்சுக்கிட்டுப் பாத்திருப்பா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "லவீனியான்னு அவ கூப்பிட்டா யாரு ஓடி வருவா? நான்தான் ஓடி வருவேன். அவ வரமாட்டா. ஒவ்வொரு தடவையும் நான்தான் வந்து நிப்பேன், என்னம்மான்னு. அதை எப்படிம்மா கூப்பிடறது?"

இத்தனை வருஷமாக ஊரின் வம்சத்தையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், இதை எந்தக் காகிதத்திலும் நான் படித்ததில்லை.

"இருந்தாலும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்" என்றார் லவீனியா.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். அதுவும் உண்மைதானே.

"அந்தப் புள்ளை எங்க இருக்கா?"

"நம்ம கல்லறைத் தோட்டத்துலதான். வடக்குப் பக்க வேலியோரம், சின்னப் புள்ளைங்களை அங்கதான் வெப்பாங்க. கல் எதுவும் இல்லை. இன்ன இடம்னு புஸ்தகத்துல எழுதலை."

அவர் எழுந்து முகம் கழுவினார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். "வா, நேரமாச்சு. அந்தப் பாதிரியம்மா பாவம், பத்து மணிக்கே டீயைப் போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்" என்றார். எதற்குப் போகிறோம் என்று அவர் சொல்லவில்லை, கேட்க எனக்குத் தைரியமில்லை. சந்து நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

ஜாஸ்லின் பாதிரியம்மா டீயைப் போட்டு வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். லவீனியாவின் கண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் மெதுவாக.

"அது கெடக்குது. அந்தப் படிவத்தைக் குடுங்க."

கையெழுத்துப் போட்டார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. பேனாவை மூடிவிட்டு, "ஒண்ணு கேக்கணும்" என்றார். "நான் போனப்புறம் அந்தக் கல்லுல என் பேரை வெட்டுவீங்க இல்லை?"

"கண்டிப்பா. உங்க அம்மா பேருக்குக் கீழே."

"லவீனியான்னு ரெண்டு பேரு வரணும்."

பாதிரியம்மா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். சிவப்புக் கோட்டின்மேல் விரலை மெதுவாக ஓட்டினார்.

"வெட்டலாம், மிஸஸ் கேச்போல்" என்றார். "ஆனா கல் வெட்டறவர் கைத்தவறுதல்னு நினைச்சு ஒண்ணை விட்டுடுவாரு. நான் தெளிவா எழுதி வெச்சிடறேன்." ஒரு தாளை எடுத்து ஹெப்சிபா என்று எழுதினார். அதன் கீழே லவீனியா என்று எழுதி, பக்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு என்று போடத் தொடங்கினார்.

லவீனியா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா நீ, படிச்ச பொண்ணு, முறை தெரிய வேண்டாம்?" என்றார். "அக்கா பேரை மொதல்ல எழுது."